முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

மாமி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று பொருள். அது உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும் என்கிற கட்டாயமெல்லாம் கிடையாது.

மார்த்தாண்டத்திலிருந்து வரும் பேருந்து எங்கள் தெருமுனையில் நிற்காது. கால்வாய்ப் பாலம் தாண்டித்தான் நிறுத்தம். மாமி பாலம் வருவதற்கு முன்பே எழுந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"முட்டு வலிக்காரிக்காச்சுட்டி இந்த முக்குல நிறுத்தித் தந்ததுக்கு ஸ்தோத்திரம் மக்கா. உனக்க பிள்ளைய நல்லா இருக்கும்."

வண்டி அப்போது நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஒருமுறை கண்ணாடியில் பார்ப்பார். பிறகு கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். நிறுத்தாவிட்டால், நிறுத்தியதற்காக வாங்கிய ஆசீர்வாதத்தை எங்கே கொண்டு வைப்பது? அதுவும் பிள்ளைகள் பேரில் வாங்கியது.

தையற்காரியிடம் ஜாக்கெட் துணியைக் கொடுக்கும்போதே "வெள்ளிக்கிழமையே தச்சுத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்" என்பாள். கரண்டு போனால் மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்து, எடுத்தவர் "ஹலோ" என்று முடிப்பதற்குள் "ஒடனே ஆள விட்டதுக்கு ஸ்தோத்திரம் சார்" என்று சொல்லி வைத்துவிடுவாள். மனிதருக்கு நன்றி, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று பிரித்துப் பேசுகிற வழக்கம் மாமிக்கு இல்லை. எல்லாருக்கும் ஒரே சொல், எல்லாருக்கும் முன்கூட்டியே.

மாமி அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. அப்பா வளைகுடாவில். மாமா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகன் கனடாவில். ஆகவே மதிலின் இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் மாமி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு அடுப்பு, எங்கள் பக்கத்தில்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு அனுமானம் உண்டு. மாமி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், குழந்தைகள் பிரிவில். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு என்னையே அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டே மாமி என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

"அழாம இருந்ததுக்கு ஸ்தோத்திரம் பிள்ளே."

ஊசி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நான் அழுவதற்காகத் திறந்திருந்த வாயை மூடிக்கொண்டேன். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அழுகிற உரிமை போய்விட்டிருந்தது. அந்த வார்டில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி வாயை மூடியிருப்பார்கள். பலரும் இன்று வளர்ந்து பெரியவர்களாகி, தெருவில் மாமியைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள்.

அவளை வெறுக்க முடியாது என்பதுதான் சிக்கலே. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையன்று ஆளாளுக்குத் தங்கள் விளைத் தோட்டத்திலிருந்து வாழைக்குலை, பலாச்சக்கை, பூசணி, சேவல் என்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு வருடம் ஒரு செந்துளுவன் வாழைக்குலை வந்தது. நான் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் குலையைப் பார்த்து எனக்கே கை கூப்பத் தோன்றியது, அப்படியொரு சிவப்பு. மாமியும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். மாமி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"விதவைக்கு விட்டுத் தந்ததுக்கு ஸ்தோத்திரம் தம்பி."

"நான் எப்ப மாமி விட்டேன்?"

முற்றமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஏலக்காரர் மூன்று தரம் சொல்லி முடித்திருந்தார். அன்று சாயங்காலம் மாமி குலையைச் சீப்பு சீப்பாக வெட்டித் தெருவெங்கும் கொடுத்தனுப்பினாள். முதல் சீப்பு கடைக்காரர் வீட்டுக்கு. என்ன செய்வது இந்த மனுஷியை?

ஒரே ஒரு ஸ்தோத்திரம் மட்டும் பலிக்காமலே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். மாமிதான் ஜெபிப்பாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வாற கிறிஸ்மஸுக்கு எனக்க மவன நல்லபடியா ஊருக்குக் கொண்டு சேத்ததுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பாள். ஒவ்வொரு வருடமும் ஒரு கிறிஸ்துமஸ் வரத்தான் செய்தது. அம்மாவின் ஆமென் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும்.

இனி என் கதைக்கு வருகிறேன். மாமியைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

இளங்கலைத் தோட்டக்கலையை நான் வீட்டிலிருந்தே போய்ப் படித்தேன். காலையில் கல்லூரிப் பேருந்து, மாலையில் அதே பேருந்து. நல்லமிளகு, கிராம்பு, ஜாதிக்காய், வாழை, பலா என்று எங்கள் மாவட்டத்தில் இல்லாதது எது? ஆனால் பாடத்தில் ஓர் அத்தியாயம் குளிர்நாட்டுப் பழங்களைப் பற்றியது. பிளம், பேரி, பீச், ஆப்பிள். "பரீட்சைக்கு ஒரு கேள்வி வரும், வாசிச்சு வச்சிருங்க" என்று ஆசிரியர் தாண்டிப் போய்விட்டார். நான் தாண்டவில்லை. அந்த மரங்களின் மொட்டுகள் குளிர் படாமல் விழிக்காதாம். இலையையெல்லாம் கொட்டிவிட்டு, வேண்டிய அளவு குளிரை உள்ளே வாங்கி, போதும் என்று மரத்துக்கே தெரிந்த பிறகுதான் பூக்குமாம். குளிர் பற்றாவிட்டால் வெயில் எத்தனை அடித்தாலும் கண் திறக்காது. இதை வாசித்த அன்று நான் வகுப்பில் உட்கார்ந்திருந்த நிலையை யாராவது பார்த்திருந்தால் காதல் கடிதம் வாசிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். மூன்று பக்கமும் கடலைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் என்பதைக் கடைக் கண்ணாடிக்குள் மட்டும் பார்த்தவளுக்கு அப்படியொரு மரத்தைத் தொட வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதுகலை இரண்டு வருடம். இரண்டு இடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று நான் படித்த அதே கல்லூரி: அதே பேருந்து, அதே வகுப்பறை, நறுமணப் பயிர்கள் பிரிவு. மற்றொன்று வடக்கே மலைமேல், மதுரை தாண்டி ஏற வேண்டும். அங்கே பழவியல்.

"ரெண்டையும் பாத்துட்டு முடிவு செய்யி. மாமியயும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் அப்பா போனில்.

"பெண்பிள்ளய ஒத்தைக்கு விடுவாவளா? நான் போறேன்" என்று மாமி ஏற்கனவே பையைக் கட்டியிருந்தாள்.

போகும் வழியெல்லாம் மாமி மாமியாகத்தான் இருந்தாள். ஜன்னல் இருக்கையை மாற்றித் தந்ததற்கு ஒரு கல்லூரிப் பையனுக்கு ஸ்தோத்திரம், வாந்தி வராமல் வளைவுகளில் மெதுவாக ஓட்டியதற்கு ஓட்டுநருக்கு ஸ்தோத்திரம். மலைமேல் இறங்கியதும் பேச்சு நின்றது. சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்தாள்.

கல்லூரியின் பழத்தோட்டத்தை ஒரு பேராசிரியை சுற்றிக் காட்டினார். பிளம் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. சில மரங்கள் வெறும் குச்சிகளாக நின்றன. நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து அவர் கத்தியை என்னிடம் நீட்டினார். வேர்ச்செடியைப் பிளந்து, ஒட்டுக்குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, நாடாவால் சுற்றினேன். விரல் விறைத்திருந்தது, ஆனாலும் நடுங்கவில்லை.

"கை பழகியிருக்கே! எங்க படிச்சீங்க?" என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது, அந்தக் குளிரிலும்.

"இந்த மரமெல்லாம் பட்டுப் போச்சா பிள்ளே?" என்று மாமி மெல்லக் கேட்டாள்.

"இல்ல மாமி. தூங்குது. குளிர் போதும்ணு ஆனா எந்திரிச்சுப் பூக்கும்."

"ஓஹோ" என்றாள். அவ்வளவுதான்.

விடுதிக் காப்பாளர் அறையைத் திறந்து காட்டினார். கட்டில், மேசை, கம்பளி, ஜன்னலுக்கு வெளியே ஒரு சரிவு. மாமிக்கு டீ கொடுத்தார். மாமி குடித்துவிட்டு வெறும் கிளாசைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று அந்தக் கல்லூரியில் மாமி ஒருவருக்கும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பேராசிரியைக்கு இல்லை, காப்பாளருக்கு இல்லை, வாசல் காவலாளிக்குக்கூட இல்லை. பேருந்து ஏறும் வரைக்கும் நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். மாமி எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சக்கை பிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் உட்கார்ந்து, அவள் குரலிலேயே சொன்னேன்.

"என்னய மலைக்கு அனுப்பி வச்சதுக்கு ஸ்தோத்திரம் மாமி."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். மாமி ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ஏட்டி, எனக்க ஊசிய எனக்கே குத்துதியா? நர்ஸுக்கு வலிக்குமா? இந்தா, தின்னு" என்று ஒரு சுளையை என் வாயில் திணித்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். சுளை வாயில் இருந்ததால் மேற்கொண்டு ஒன்றும் பேச முடியவில்லை.

அந்த வாரத்திலேயே மாமி தனியாக என் பழைய கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். காவலாளி, அலுவலகத்தார், துறைத் தலைவர் என்று ஒருவர் விடாமல் ஸ்தோத்திரம். "எங்க பிள்ளய இந்த ரெண்டு வருசமும் பத்திரமாட்டு பாத்துக்கிட்டதுக்கு" என்று சொன்னாளாம். "அவ மலைப்பக்கம் போறேன்னுல்லா சொன்னா?" என்று துறைத் தலைவர் முழித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்பு ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். பிறந்தநாள், திருமண நாள், அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது, விசா வந்தது, பசு சுகமாகக் கன்று ஈன்றது, எல்லாம் உண்டு. வாசித்ததும் அந்தக் குடும்பத்தார் எழுந்து முன்னால் போய் முழங்காலிட வேண்டும். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். சபையார் அத்தனை பேரும் சேர்ந்து ஆமென் சொல்வார்கள். நடந்த காரியத்துக்குத்தான் காணிக்கை வைப்பார்கள் என்பதால், வாசிக்கப்பட்டதெல்லாம் நடந்தது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். நடப்பதற்கு முன்பு வைக்கலாம் என்று மாமியைத் தவிர யாருக்கும் தோன்றியதில்லை.

செயலர் என் பெயரைப் படித்தார். எங்கள் பகுதிக் கல்லூரியின் பெயரைப் படித்தார். "வீட்டிலிருந்தே மேற்படிப்பைத் தொடரக் கர்த்தர் செய்த கிருபைக்காக" என்று படித்தார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. பின்வரிசையிலிருந்து யாரோ முதுகில் தட்டி, "கொள்ளாம் மக்களே" என்று பாராட்டினார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியாது. அவள் முகத்தில் இருந்தது திகைப்பு. அதன்மேல் அவசரமாக ஒரு சிரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமி அதற்குள் எழுந்து இடைவழியில் நின்று எனக்குக் கை நீட்டினாள்.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். "இல்லை, நான் இன்னும் முடிவு செய்யவில்லை" என்று அந்த அமைதியில் ஒரு குரல் எழுப்பியிருக்கலாம். இதையெல்லாம் எவ்வளவோ தடவை மனதுக்குள் செய்து பார்த்துவிட்டேன். அன்று செய்தது வேறு. எழுந்தேன். நடந்தேன். முழங்காலிட்டேன். போதகரின் கை கனமாகத் தலைமேல் இருந்தது. சபை முழுக்க ஆமென் சொன்னபோது என் வாயும் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதில் வழியாக மாமியின் பின்னாலேயே போனேன்.

"மாமி, நான் இன்னும் முடிவு செய்யல்லியே!"

மாமி குடையை ஆணியில் மாட்டினாள்.

"முடிவு செஞ்ச பெறவு சொல்லுத ஸ்தோத்திரத்துல என்னட்டி விசுவாசம் இருக்கு?"

"எனக்கு அங்கதான் படிக்கணும். இஞ்ச அந்தப் பாடமே கெடையாது. ரெண்டே வருசம்தான மாமி?"

மாமி திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"ரெண்டே வருசம்ணுதான் அவனும் சொல்லிட்டுப் போனான்."

அவளுடைய மகன் படிக்கத்தான் போனான், இரண்டு வருடப் படிப்பு. அந்தச் சின்ன வீட்டில் அவன் பள்ளிக்கூடத்துக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் தூசியில்லை. நான் மதிலைத் தாண்டித் திரும்பி வந்தேன்.

அப்பாவிடம் போனில் அழுதேன்.

"எனக்கு ஒன்ன அனுப்பதுல சங்கடம் இல்ல மக்களே. ஆனா சபைல வாசிச்சாச்சே. முட்டுக்குத்தி ஜெபமும் வாங்கியாச்சு. இனி மாத்துனா ஆண்டவருக்கு முன்னால பொய் சொன்ன கணக்கால்லா ஆவும்? அக்கா பின்ன எப்படிட்டி கோயிலுக்குப் போவா?"

"நான் வைக்கல்லப்பா அந்தக் காணிக்கைய."

"நீதான முன்னால போயி முட்டுக்குத்தின?"

நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

தெருவில் யாரைப் பார்த்தாலும் வாழ்த்தினார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு பேனா கொடுத்தார். பெண்கள் சங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார்களாம், வெளியூர் மோகம் இல்லாத பிள்ளை என்று. ஒவ்வொரு வாழ்த்துக்கும் நான் தலையாட்டினேன். தலையாட்ட ஆட்ட, மலைக்கல்லூரி சேரச் சொல்லியிருந்த நாள் வந்தது. நல்ல மழை. நான் சாயங்காலம் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒருக்கா கூப்பிட்டுப் பாரு, ஒரு வாரம் அவகாசம் கேளு" என்றாள், மாமிக்குக் கேட்காத குரலில். கூப்பிட்டேன். காத்திருப்பில் இருந்த அடுத்த மாணவிக்கு இடத்தைக் கொடுத்துவிட்டதாக மரியாதையாகச் சொன்னார்கள்.

ஆக, இப்போது நான் அதே பேருந்தில் போகிறேன். மோசமான கல்லூரி என்று சொல்ல மாட்டேன். ஜாதிக்காயில் ஒட்டுக் கட்டுவதை வைத்து ஆய்வு செய்கிறேன். ஜாதிக்காயும் சாதாரண மரம் இல்லை, சுவாரசியம் நிறைய உண்டு. பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டங்களுக்குப் போகும் நாட்களில் மேலே மலை நீலமாகத் தெரியும். அந்த மலையில் குளிர் பற்றாது என்பதையும் நான் அறிவேன்.

முதல் வருடம் முடிவதற்குள் கனடாவிலிருந்து போன் வந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அம்மா உடனே வர வேண்டும், எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. மாமி முதலில் அழுதாள். பிறகு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

"கண்டியா, எத்தன வருசத்து ஸ்தோத்திரம்! அவன் இஞ்ச வரல்லேண்ணா என்ன, நான் அங்க போறேன்லா?"

"எப்ப மைனி திரும்பி வருவிய?" என்று அம்மா கேட்டாள்.

"பேரப்பிள்ள ஒண்ணு தலையெடுக்கட்டும்" என்றாள் மாமி. கண்ணெல்லாம் வெளிச்சமாக இருந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

நாகர்கோவிலில் ஸ்வெட்டர் வாங்க நான்தான் கூடப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்து, "குளிருல எனக்கு நிக்கப் பற்றுமா பிள்ளே?" என்று கேட்டாள். பற்றும் என்றேன்.

புறப்பட்ட அன்று காலை வாசலில் கார் நின்றது. போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். தெருவே கூடியிருந்தது. நான் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கல்லூரிப் பேருந்துக்கு நேரமாகிறதே என்று நின்றிருந்தேன். மாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்து, விரலை விரித்து, அவள் வீட்டுச் சாவியை வைத்து மூடினாள்.

"ரெண்டு நேரமும் செடிக்கு வெள்ளம் கோரி ஊத்தி, அந்திக்கு லைட்டுப் போட்டு, எனக்க வீட்ட வீடாட்டு வச்சிருந்ததுக்கு ஸ்தோத்திரம் மக்கா. நீ பக்கத்துல இருந்து படிக்கதுனால எனக்கு ஒரு வெப்ராளமும் ஒரு கவலையும் இல்ல."

நெற்றியில் முத்தமிட்டாள். கார் போய்விட்டது.

அன்று மாலை பேருந்திலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்குள் போனேன். டீ குடித்தேன். குளித்தேன். செடிக்கு ஊற்ற மாட்டேன் என்று தீர்மானமாக இருந்தது. பேருந்தில் வரும்போதே எடுத்த தீர்மானம். காயட்டும். ஒரு நாள் காய்ந்தால் என்ன? அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் போன ஒருவர், "மாமி போயாச்சா, வீடு இருட்டாட்டு கெடக்கே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

நான் எழுந்து சாவியை எடுத்தேன்.